முதலாளியின் சிகரட்டும் கடைப் பொடியனின் மூச்சும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஊரில் கடை வைத்திருப்பவர்களும், பிள்ளைகளைக் கடை வேலைக்கு அனுப்பி வைத்திருப்பவர்களும் நேரம் எடுத்து வாசித்தால் போதும். மற்றவர்கள் விரும்பினால் வாசியுங்கள்.

ஓ.எல். பரீட்சை முடிந்த கையோடு எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதி பஸ் ஏறிவிடுகிறது. புறக்கோட்டை, குருநாகல், கண்டி என்று எங்கெல்லாம் ஊர்க்காரர் ஒருவரின் கடை இருக்கிறதோ அங்கெல்லாம் போகிறார்கள். "ரிசல்ட் வரும் வரைக்கும்தான் சேர்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். சிலர் திரும்பி வந்து ஏ.எல். படிக்கிறார்கள். பலர் வருவதில்லை. வாப்பாவின் கடன், தங்கச்சியின் கல்யாணம், பாதியில் நிற்கும் வீடு என்று காரணங்கள் எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். இன்று பேச வந்தது அந்தப் பிள்ளைகள் வேலை செய்யும் இடத்தில் இழுக்கும் மூச்சைப் பற்றி.

நாட்டில் சட்டம் இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம். பொதுமக்கள் புழங்கும் மூடிய இடங்களில் புகைப்பதை அது தடை செய்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட் விற்பதையும் தடை செய்கிறது. விளம்பரப் பலகைகள் காணாமல் போனதும் இந்தச் சட்டத்தால்தான். அது நல்ல சட்டம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. எங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், ஒரு காலத்தில் கச்சேரியில் கையெழுத்து வாங்கப் போனால் எழுதுவினைஞரின் மேசையில் பைலுக்குப் பக்கத்தில் சாம்பல் கிண்ணம் இருந்தது. தியேட்டரில் திரைக்கு முன்னால் புகை மிதந்தது. இன்று வங்கியிலோ பிரதேச செயலகத்திலோ பாடசாலை ஆசிரியர் அறையிலோ ஒருவர் சிகரட்டைப் பற்ற வைத்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த மாற்றம் தானாக வரவில்லை, சட்டம் கொண்டு வந்தது.

ஆனால் யாருக்கு வந்தது? அரசாங்க உத்தியோகத்தர், வங்கி ஊழியர், எங்களைப் போன்ற ஆசிரியர்கள். மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள், பென்ஷன் இருக்கிறவர்கள், எதிர்த்துப் பேசினாலும் வேலை போகாதவர்கள். எங்கள் மாணவன் வேலை செய்கிற துணிக்கடையின் பின்கட்டுக்கு அந்தச் சட்டம் இன்னும் போய்ச் சேரவில்லை. கிட்டங்கிக்குப் போகவில்லை. அரிசி ஆலைக்கும், கராஜுக்கும், லொறியின் முன் ஆசனத்துக்கும் போகவில்லை. "மூடிய பொது இடம்" என்றால் நம் மனதில் வருவது வாடிக்கையாளர் வந்து போகும் முன்பக்கம்தான். பின்பக்கம் முதலாளியின் வீடு மாதிரி. அங்கே அவர் என்ன செய்தாலும் அது அவர் பாடு என்பது ஊர் வழக்கம்.

இலங்கை 2003 ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை ஏற்று உறுதி செய்த நாடு. அந்தச் சமவாயத்தின் 8 ஆவது உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். மக்களைப் புகையிலிருந்து பாதுகாக்க வேண்டிய இடங்கள் என்று அது ஒரு வரிசை சொல்கிறது. வரிசையில் முதலாவதாக நிற்பது உள்ளக வேலைத்தளம். பொதுப் போக்குவரத்தும் பொது இடங்களும் அதற்குப் பிறகுதான். அந்த முதலாவது சொல் எங்கள் ஊர் நடைமுறையில் கடைசிக்குப் போய்விட்டது.

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறோம். பெயர், ஊர், கடை எதுவும் வேண்டாம். சொன்னால் அவன் வேலைதான் போகும்.

கெட்டிக்காரன். ஓ.எல்.லில் கணக்குக்கு நல்ல பெறுபேறு எடுத்தவன். சின்ன வயதில் இழுப்பு இருந்து, பத்தாம் ஆண்டில் கிட்டத்தட்டச் சுகமாகி, மெய்வல்லுநர் போட்டியில் ஓடியவன். கொழும்பில் ஒரு துணிக்கடைக்குப் போனான். கடையிலேயே தங்கல், கடையிலேயே சாப்பாடு. பெருநாள் லீவில் வந்தபோது எங்களைப் பார்க்க வந்தான். சேர்ட் பொக்கெட்டில் பம் இருந்தது. இடையில் இரண்டு தரம் எடுத்துப் பாவித்தான். "என்ன மகன், திரும்பத் தொடங்கிட்டுதா?" என்று கேட்டோம். உம்மா பக்கத்தில் இருந்து, "கொழும்புத் தூசி சேர், துணித் தூசி" என்றார். அவன் ஒன்றும் சொல்லவில்லை. உம்மா தேத்தண்ணி போட எழுந்து போன பிறகுதான் சொன்னான்.

இரவு எட்டு மணிக்குச் சட்டர் போடுவார்களாம். அதற்குப் பிறகுதான் கணக்கு, இருப்பு எடுப்பது, அடுத்த நாளைக்கு மடித்து வைப்பது. ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். சட்டர் இறங்கியதும் முதலாளி காசு மேசையில் இருந்து சிகரட்டைப் பற்ற வைப்பார். பகலில் ஆட்களுக்கு முன்னால் பற்ற மாட்டார், கௌரவமான மனுஷன். ஏசி ஓடிக்கொண்டிருக்கும், அதனால் கண்ணாடிக் கதவையும் திறப்பதில்லை. ஒன்று முடிந்து ஒன்று. பிறகு முதலாளி வீட்டுக்குப் போய்விடுவார். பொடியன்மார் நாலு பேரும் மேல்தட்டில் பாய் விரித்துப் படுப்பார்கள், அதே புகையில்.

"முதலாளிகிட்டச் சொல்லலாமே" என்றோம்.

"எப்படிச் சேர் சொல்றது? ராத்தாட கல்யாணத்துக்கு அவர்தான் காசு தந்தாரு. வாப்பாக்கு ஒப்பரேசன் செய்ய நேரமும் அவர்தான். அவர் கெட்ட மனுஷன் இல்ல சேர்."

இந்தக் கடைசி வசனம்தான் எங்களை இந்தப் பதிவை எழுத வைத்தது. அந்த முதலாளியை நாங்கள் வில்லனாகப் பார்க்கவில்லை. நம் ஊரின் எத்தனையோ குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியவர்கள் இப்படியான கடைக்காரர்கள். ஆனால் அந்த நன்றிக்கடனே பிள்ளையின் வாயைக் கட்டிப் போடுகிறது. கெட்ட முதலாளியாக இருந்தால் அவன் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பான். நல்ல முதலாளியிடம் எப்படி வாய் திறப்பது? சட்டம் பேச வேண்டிய இடம் இதுதான். தொழிலாளி முறைப்பாடு செய்தால் நடவடிக்கை எடுப்போம் என்று காத்திருக்கும் சட்டம் இந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் உதவாது. அவன் முறைப்பாடு செய்யப் போவதில்லை.

ஏசியைப் பற்றி ஒரு விடயம், ஏனென்றால் இதில் நிறையப் பேருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. நம் கடைகளில் சுவரில் மாட்டியிருக்கும் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே இழுத்துக் குளிராக்கித் திரும்ப விடுகிறது. புகையும் அதோடு சுற்றிச் சுற்றி வருகிறது. மின்விசிறி போட்டால் புகை கலையும், போய்விடாது. 2006 இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட பெரிய அறிக்கை இதைத் தெளிவாகச் சொன்னது: அடுத்தவரின் புகையைச் சுவாசிப்பதில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது, காற்றோட்ட வசதிகளால் அதை முழுதாக நீக்கவும் முடியாது. இதய நோய், நுரையீரல் புற்றுநோய் இரண்டும் புகைக்காதவருக்கும் இந்தப் புகையால் வருகின்றன. உலகில் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாங்கள் புகைக்காமலே அடுத்தவரின் புகையால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இழுப்பு உள்ள பிள்ளைக்கு என்ன ஆகும் என்று சொல்ல அறிக்கை தேவையில்லை, அந்தச் சேர்ட் பொக்கெட்டே போதும்.

இனி ஹோட்டல்காரர்கள் பக்கம் வருவோம்.

சட்டத்தில் சில விதிவிலக்குகள் இருக்கின்றன. விமான நிலையத்திலும், 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல்களிலும், 30 பேராவது இருந்து சாப்பிடக்கூடிய உணவகங்களிலும் புகைப்பதற்கென்று தனி இடம் ஒதுக்கலாம். இந்தியாவின் சட்டத்திலும் இதே முப்பது கணக்குத்தான். 29 கதிரை உள்ள கடையில் புகை கெடுதல், 30 கதிரை உள்ள கடையில் கெடுதல் இல்லை என்பது என்ன விஞ்ஞானம் என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டோம். அவர் சிரித்தார்.

இந்த விதிவிலக்கை எழுதியவர்களின் கண்ணுக்குச் சாப்பிட வருகிறவர் மட்டும்தான் தெரிந்திருக்கிறார். புகை பிடிக்காதவர் இந்தப் பக்கம் இருக்கட்டும், பிடிப்பவர் அந்தப் பக்கம் இருக்கட்டும், இரண்டு பேருக்கும் நீதி. சரி, அந்தப் பக்கத்து மேசைக்குக் கொத்துரொட்டி கொண்டு போய் வைப்பவன் யார்? சாம்பல் கிண்ணத்தை எடுத்துக் கழுவுகிறவன் யார்? வாடிக்கையாளர் அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போகிறார். வெயிட்டர் பொடியன் அங்கேயே நிற்கிறான். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954 இலிருந்து இருக்கிறது. நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று அது சொல்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை மணித்தியாலம் நிற்கிறார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

அயர்லாந்தில் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். 2004 மார்ச் 29 ஆம் திகதி, நாடு முழுவதும் மூடிய வேலைத்தளங்களில் புகைப்பதைத் தடை செய்த முதல் நாடு அது. மதுச்சாலைகளையும் சேர்த்துத்தான் தடை. அவர்களுடைய மதுச்சாலைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், விடயம் அதுவல்ல. அங்கே பரிமாறுகிறவனும் ஒரு தொழிலாளி, அவனுக்கு அது வேலைத்தளம் என்று அந்த நாட்டுச் சட்டம் எடுத்துக்கொண்டது. வாடிக்கையாளரின் வசதி இரண்டாவதாகப் போனது. வியாபாரம் படுத்துவிடும் என்று அங்கேயும் சத்தம் போட்டார்கள். இருபது வருடத்துக்கு மேலாகிறது, சட்டம் அப்படியே இருக்கிறது. 2006 இல் ஸ்கொட்லாந்தும் அதே வழியில் போனது. அதற்குப் பின் அங்கே ஒன்பது வைத்தியசாலைகளில் கணக்கெடுத்தபோது, திடீர் இதய நோயால் அனுமதிக்கப்பட்டவர்கள் 17 சதவீதம் குறைந்திருந்தார்கள். அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு புகைக்காதவர்கள். அடுத்தவரின் சிகரட்டால் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியவர்கள் போகாமல் தப்பினார்கள் என்பதுதான் அதன் பொருள்.

இங்கே தண்டப்பணத்தைப் பாருங்கள். தடை செய்த இடத்தில் புகைத்தால் 2000 ரூபாவுக்கு மேற்படாத தண்டம், அல்லது ஒரு வருடத்துக்கு மேற்படாத சிறை, அல்லது இரண்டும். 2006 இல் 2000 ரூபா ஒரு தொகை. ஒரு வீட்டுக்கு மூட்டையில் அரிசி வாங்கக் கூடிய காசு. இன்று அதிகம் விற்கும் வகையில் இருபது சிகரட் உள்ள ஒரு பக்கெட்டின் விலையே அதைத் தாண்டிவிட்டது. பக்கெட்டை விடத் தண்டம் மலிவாகக் கிடக்கும் நாட்டில் யார் பயப்படுவார்கள்? சிறைத் தண்டனை ஏட்டில் இருக்கிறதுதான். கடைக்குள் சிகரட் பற்றியதற்காக ஒரு முதலாளியைச் சிறையில் போடுவார்கள் என்று ஊரில் யாரும் நம்பவில்லை, நாங்களும் அதைக் கேட்கவில்லை.

கேட்பது வேறு. பீ.எச்.ஐ. மாத்தயா ஹோட்டலுக்கு வருகிறார். சமையல்காரனின் நகத்தைப் பார்க்கிறார், சோற்றுப் பானை மூடியிருக்கிறதா என்று பார்க்கிறார், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். நல்லது. அதே வருகையில் சாம்பல் கிண்ணத்தையும் பார்க்கட்டும். தொழில் திணைக்களத்து உத்தியோகத்தர் ஈ.பி.எஃப். புத்தகத்தைப் பார்க்க வருகிறார். அதே நேரத்தில் பின்கட்டுக்கும் ஒரு தரம் நடந்து போய்வரட்டும். இதற்குப் புதிய திணைக்களம் தேவையில்லை, புதிய வாகனமும் தேவையில்லை. அவர்கள் கையில் இருக்கும் படிவத்தில் ஒரு வரி கூடினால் போதும். பொடியன் யாரையும் காட்டிக்கொடுக்கத் தேவையில்லாத ஒரு வழி அது. சட்டத்தைத் திருத்தும்போது அந்த முப்பது கதிரை, முப்பது அறை விதிவிலக்கை எடுத்துவிட வேண்டும். "பொது இடம்" என்பதோடு நிறுத்தாமல், கூலிக்கு ஒருவர் வேலை செய்யும் மூடிய இடம் எதுவாக இருந்தாலும் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். நம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் எத்தனையோ பேசுகிறார்கள், இதையும் ஒரு நாள் பேசலாம்.

"என்ட கடை, என்ட காசு, நான் பத்துறேன்" என்று சொல்பவர்களுக்கு: கடை உங்களுடையது, ஒப்புக்கொள்கிறோம். அடுப்புக்குப் பக்கத்தில் கேஸ் சிலிண்டரை எப்படி வைப்பது, மின்சார வயரை எப்படி இழுப்பது என்று மற்றவர்கள் சொன்னால் கேட்கிறீர்கள்தானே. அது கடை உங்களுடையது இல்லை என்பதற்காகவா? உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்காக. அரிசி ஆலையில் தவிடு, கைத்தறிக் கொட்டிலில் பஞ்சு, கராஜில் பெற்றோல் வாடை, தச்சுப் பட்டறையில் மரத்தூள். இந்த இடங்களில் பீடி பற்றினால் நெருப்புப் பயம் வேறு. மருதமுனைத் தறிக்காரர்களுக்கு இதை நாங்கள் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

"பழகிட்டுது, இல்லாம இருக்க ஏலாது" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பழக்கம் எவ்வளவு பலமானது என்பதை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம், நிகோட்டின் விளையாட்டுப் பொருள் இல்லை. ஆனால் ரமழானில் பாருங்கள். இதே முதலாளி, இதே கடை, பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஒரு சிகரட்டும் இல்லை. கணக்கும் நடக்கிறது, வியாபாரமும் மற்ற மாதங்களை விட அதிகமாக நடக்கிறது. முப்பது நாள் பகல் முழுக்க முடிந்தவருக்கு, மற்ற நாட்களில் கடைக்கு உள்ளே இருக்கும் நேரம் மட்டும் முடியாதா? விட்டுவிடுங்கள் என்று இப்போது நாங்கள் கேட்கவில்லை. விட்டால் சந்தோஷம். சட்டரைத் திறந்து வெளியே போய்ப் பற்றுங்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

இன்னொரு சின்ன விடயம், ஆனால் எங்களுக்கு இது பெரிய விடயம். "தம்பி, ஓடிப் போய் ரெண்டு சிகரட் வாங்கிட்டு வா." 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட் விற்பது குற்றம். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையை அனுப்புகிறவர் அந்தப் பிள்ளையையும் மாட்டிவிடுகிறார், விற்கும் கடைக்காரரையும் மாட்டிவிடுகிறார். சில்லறையாக ஒன்று, இரண்டு என்று விற்பதால் இது ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் நடக்கிறது. நாளைக்கு ஐந்து தரம் கையில் சிகரட்டைப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளை ஆறாவது தரம் என்ன செய்வான் என்று நினைக்கிறீர்கள்? வகுப்பறையில் நாங்கள் பத்து வருடம் சொல்லிக் கொடுத்தது அந்தக் கடைத்தெருவில் பத்து நாளில் கரைகிறது. சில பிள்ளைகள் ஒரு வருடம் கழித்து வரும்போது உதட்டைப் பார்த்தாலே தெரிகிறது. எங்களைக் கண்டால் கையைப் பின்னால் மறைக்கிறார்கள். அந்த மரியாதையாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொள்கிறோம்.

பாடசாலைப் பக்கமும் சொல்ல வேண்டும். வளவுக்குள் யாரும் புகைப்பதில்லை. கேட்டுக்கு வெளியே, இடைவேளையில், த்ரீவீல் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் சில ஆசிரியர்கள் நிற்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். சட்டப்படி அதில் தப்பு இல்லாமல் இருக்கலாம். அடுத்த பாடத்துக்கு அந்த வாடையோடு வருவதைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும், இங்கே பெயர் சொல்ல மாட்டோம்.

யாழ்ப்பாணப் பக்கத்தில் சில இடங்களில் பீ.எச்.ஐ. மார் கடை கடையாக ஏறிப் பேசி, கடைக்காரர்கள் தாங்களாகவே சிகரட் விற்பதை நிறுத்தியிருக்கிறார்கள். சட்டம் விற்கலாம் என்று சொல்லியும் விற்காமல் விட்டார்கள். நம் ஊரில் அந்த அளவுக்குப் போக முடியுமா தெரியாது. ஆனால் வர்த்தகர் சங்கமும் பள்ளிவாசல் நிருவாகமும் சேர்ந்தால் ஒரு காரியம் செய்யலாம். ஊர்ப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கும் கடைக்காரர்களிடம், அவர்கள் கொழும்பில் இருந்தாலும் குருநாகலில் இருந்தாலும், பெருநாளுக்கு ஊருக்கு வரும்போது உட்கார்ந்து பேசலாம். கடைக்குள்ளேயும் பொடியன்மார் படுக்கும் இடத்திலும் புகைப்பதில்லை, அவர்களைச் சிகரட் வாங்க அனுப்புவதில்லை. இந்த இரண்டு வாக்கு. ஒரு சக முதலாளி சொன்னால் முதலாளி கேட்பார். நாங்கள் சொன்னால் "சேர்மாருக்கு என்ன தெரியும் யாவாரத்தைப் பத்தி" என்பார், அதுவும் நியாயம்தான்.

உம்மாமார், வாப்பாமாருக்கு ஒன்று. பிள்ளை லீவில் வந்தால் சம்பளம் எவ்வளவு, சாப்பாடு எப்படி என்று கேட்கிறீர்கள். எங்கே படுக்கிறாய், சட்டர் போட்ட பிறகு உள்ளே யார் சிகரட் பற்றுகிறார்கள் என்றும் கேளுங்கள். இருமல் இருந்தால் தூசி என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரியில் காட்டும்போது இதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

விட விரும்புகிற முதலாளிமாருக்கு 1948 என்ற இலக்கம் இருக்கிறது, அழைத்தால் ஆலோசனை சொல்வார்கள். வர்த்தகர் சங்கத்தில் இருப்பவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே ஒரு சொல் எழுதினால், அடுத்த கூட்டத்துக்கு எங்களில் இரண்டு பேர் வரத் தயார். கடை மூடிய பிறகு என்றாலும் பரவாயில்லை, கதவு திறந்திருந்தால் சரி.